எலிவேட்டரை அசைக்க எந்த மின் ஆக்சுவேட்டர்?

ஆளில்லா விமானம் செய்ய இறங்கும் எங்கள் பொறியியல் மாணவர்கள் இறக்கைக்கு மாதக்கணக்கில் மினக்கெடுவார்கள். பற்றரிக்கும் உந்திக்கும் அப்படித்தான். விமானத்தின் மூக்கை மேலும் கீழும் திருப்ப வாலில் அசையும் பரப்பான எலிவேட்டரை எந்த ஆக்சுவேட்டர், அதாவது எந்த அசைப்புப் பொறி, அசைக்கப்போகிறது என்று கேட்டால் மட்டும், "பெரிய சேர்வோ ஒன்று போட்டால் சரி" என்ற பதில் வரும். ஐந்து கிலோ விமானத்துக்கு, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் அந்தச் சிறு மோட்டர்ப் பெட்டி சரியான பதில்தான். நூறு கிலோவைத் தாண்டினால் அந்த ஒரு தெரிவு விமானம் திரும்பி வருமா இல்லையா என்பதையே தீர்மானிக்கும். கடைப் பட்டியலைத் திறக்க முதல், காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேசுவதற்கு ஒரு விமானம் வேண்டும். கடல் கொந்தளித்து, குறிகட்டுவானிலிருந்து படகு புறப்பட முடியாத நாட்களில் நெடுந்தீவுக்கு மருந்து கொண்டுபோகும் 150 கிலோ ஆளில்லா விமானம் என்று வைத்துக்கொள்வோம். எலிவேட்டரின் பரப்பு 0.25 சதுர மீற்றர், அகலம் 20 சென்ரிமீற்றர். மேலும் கீழும் 25 பாகை அசையும். வேகமாகக் கீழிறங்கும்போது செக்கனுக்கு 60 மீற்றர், அதாவது மணிக்கு 216 கிலோமீற்றர், போகலாம்.

முதலில் சுமை

காற்று எலிவேட்டரைப் பிணைச்சலைச் சுற்றித் திருப்பப் பார்க்கும். அந்த முறுக்குவிசையிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.2 கிலோ என்றால், 60 மீற்றர் வேகத்தில் இயக்க அமுக்கம் 2,160 பாஸ்கல். அதைப் பரப்பாலும் அகலத்தாலும் பெருக்க 108 வரும். முழுத் திருப்பத்தில் பிணைச்சல் முறுக்குக் குணகத்தை 0.28 என்று எடுத்தால், கிடைப்பது ஏறத்தாழ 30 நியூட்டன் மீற்றர். ஒன்றரை மடங்கு பாதுகாப்புக் காரணியோடு 45. வேகம் செக்கனுக்கு 60 பாகை போதும். ஆகவே உச்ச வலு 47 வாட்.

இந்த 47 வாட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆக்சுவேட்டர் தெரிவில் வலு பெரும்பாலும் சிக்கலாக இருப்பதில்லை. முறுக்குவிசையும் சூடும், அசையத் தொடங்கவும் நிற்கவும் பாகங்கள் காட்டும் எதிர்ப்பான சடத்துவமும்தான் ஆளைப் பிடிக்கும். வேகத்தில் கை வைத்தால் முறுக்குவிசை அதன் வர்க்கத்தில் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். வடிவமைப்பின் நடுவில் யாராவது "வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவோம்" என்று 60ஐ 70 ஆக்கினால், 45 நியூட்டன் மீற்றர் 61 ஆகிவிடும்.

இன்னொன்று: பிணைச்சலைச் சற்றுப் பின்னே தள்ளி, எலிவேட்டரின் ஒரு பகுதி முன்னால் நிற்கும்படி செய்தால், துலாவின் பின்பாரம் வாளியின் பாரத்தைத் தாங்குவது போல, முன்பகுதியில் படும் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். இது மோட்டர் வாங்குவதைவிட மலிவு. ஆனால் அளவு மீறிச் சமன் செய்தால் எலிவேட்டர் தானாகவே ஒரு பக்கம் இழுக்கப் பார்க்கும். ஆகவே அதை இலாபமாக வைத்துக்கொண்டு, கணக்கை 45லேயே நடத்துகிறேன்.

ஹைட்ரோலிக்கை ஏன் விடுகிறோம்

சென்னையிலிருந்து பலாலிக்கு வரும் ஏடிஆர் 72 விமானத்தில் எலிவேட்டரை அசைப்பது விமானியின் கைப்பலம். கம்பிவடமும் தண்டுகளும் அதை வால்வரை கொண்டுபோகும். இறக்கையில் உள்ள ஃபிளாப்பும் ஸ்பொயிலரும் மட்டும் ஹைட்ரோலிக், அதாவது எண்ணெயின் அமுக்கத்தால் அசைபவை. அதைவிடப் பெரிய விமானங்களில் ஹைட்ரோலிக்தான் அரசன். 2005இல் முதலில் பறந்த எயர்பஸ் ஏ380 அந்த அமுக்கத்தை 5,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரை உயர்த்தியது. அதே விமானம்தான், மோட்டரும் பம்பும் உள்ளேயே அடங்கிய மின் ஹைட்ரோலிக் ஆக்சுவேட்டர்களையும் பெரிய அளவில் கொண்டுவந்தது. எஃப்-35 போர்விமானத்தின் பிரதான கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைப்பதும் இந்த வகைதான்.

ஹைட்ரோலிக்கில் எனக்கு உண்மையாகவே பிடித்த குணம் ஒன்று உண்டு. பழுதானால் வால்வு ஒன்றைத் திறந்து எண்ணெயைச் சுற்றவிடலாம். பரப்பு விடுபட்டு, எண்ணெயின் தடையால் நிதானமாக அசையும். எண்ணெயே இல்லாத மின் ஆக்சுவேட்டரில் இந்த வசதி இல்லை. இருந்தும் 45 நியூட்டன் மீற்றருக்காக பம்பு, எண்ணெய்த் தாங்கி, வடி, சீல் எல்லாவற்றையும் சுமப்பது நியாயமில்லை. இந்த அளவில் மின்மோட்டர்தான். எந்தப் பல்லோடு, எந்தத் திருகோடு என்பதே கேள்வி.

குண்டுத் திருகு

எலிவேட்டரில் 50 மில்லிமீற்றர் நீளக் கை ஒன்றை வைத்து, அதை நேர்கோட்டில் தள்ளி இழுத்தால் தேவையான விசை 900 நியூட்டன். ஓட்டம் 42 மில்லிமீற்றர், வேகம் செக்கனுக்கு 52 மில்லிமீற்றர். திருகுக்கும் நட்டுக்கும் இடையில் எஃகுக் குண்டுகள் உருளும் வகையை எடுங்கள். உராய்வு குறைவு, வினைத்திறன் 85 முதல் 90 வீதம். ஒரு சுற்றுக்கு 2 மில்லிமீற்றர் நகரும் திருகு என்றால் மோட்டர் தர வேண்டியது 0.34 நியூட்டன் மீற்றர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,600 சுற்று. 100 வாட் வகைச் சிறு சேர்வோ மோட்டர் ஒன்றை நேரே திருகில் பூட்டினால் காரியம் முடிந்தது.

முடிந்ததா? அந்த மோட்டரின் சுழலும் பகுதியான றோட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். சடத்துவம் 0.000007 கிலோகிராம் சதுர மீற்றர், கணக்கில் எடுக்கவே தோன்றாத எண். ஆனால் திருகு ஒரு மீற்றர் நகர வேண்டுமானால் அது 500 சுற்றுச் சுற்ற வேண்டும், அதாவது 3,142 ரேடியன். அதன் வர்க்கம் ஏறக்குறைய 99 இலட்சம். சடத்துவத்தால் பெருக்குங்கள்: 69 கிலோ. எலிவேட்டரின் கைக்கு அந்தக் குட்டி றோட்டர் 69 கிலோப் பாரமாகத் தெரிகிறது. ஒன்றரைக் கிலோ எலிவேட்டரின் சொந்தச் சடத்துவத்தை அதே இடத்துக்கு மாற்றினால் 4 கிலோகூட இல்லை. மோட்டர் பெரும்பாலும் தன்னைத்தானேதான் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆரம்ப வடிவமைப்பில் மாணவர்கள் விட்டுவிடும் விசயங்களில் முதலிடம் இதற்குத்தான்.

இதன் விளைவு எங்கே தெரியும்? காற்றுக் குலுக்கலைச் சமாளிக்க எலிவேட்டர் செக்கனுக்கு மூன்று தடவை, மூன்று பாகை அளவில் ஆட வேண்டும் என்றால், இந்த 69 கிலோவை முடுக்க 64 நியூட்டன் போகும். 900இல் அது தாங்கக்கூடியதே. ஓட்டத்தின் முடிவில் கட்டுப்பாடு தவறி, முழு வேகத்தில் தடுப்பில் மோதி 0.1 மில்லிமீற்றருக்குள் நின்றால் சராசரி விசை 930 நியூட்டன் வரும். வடிவமைப்புச் சுமையே திரும்பி அடிக்கிற மாதிரி. ஆகவே தடுப்பில் ரப்பரோ தட்டு ஸ்பிரிங்கோ கட்டாயம் வேண்டும்.

இப்போது பலரும் கேட்பது: மோட்டருக்கும் திருகுக்கும் இடையில் மூன்றுக்கு ஒன்று கியர் போட்டால் மோட்டர் சின்னதாகுமே? ஆகும். ஒரே வகை மோட்டரை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெருப்பித்தால், சூடு மேற்பரப்பால் மட்டும் வெளியேறும் நிலையில், தொடர்ந்து தரக்கூடிய முறுக்குவிசை விட்டத்தின் மூன்றரை அடுக்கில் வளரும். எடை மூன்றாம் அடுக்கில், சடத்துவம் ஐந்தாம் அடுக்கில் வளரும். இந்த மூன்று அடுக்குகளை வைத்துக்கொண்டு, பட்டியலில் உள்ள ஒரேயொரு மோட்டரிலிருந்து மற்ற அளவுகளை ஊகிக்கலாம். ஆரம்ப வடிவமைப்புக்கு இதைவிட உதவியான கருவி எனக்குத் தெரியாது. கியரின் இழப்பையும் சேர்த்து 0.12 நியூட்டன் மீற்றர் மோட்டருக்கு இறங்கினால், எடை பழையதில் ஏறத்தாழ 40 வீதம். நல்ல இலாபம். ஆனால் கைக்குத் தெரியும் பாரம் 69இலிருந்து 140 கிலோவுக்கு இரட்டிக்கிறது. தடுப்பில் மோதும் விசையும் 1,900 நியூட்டனாக இரட்டிக்கிறது. கியர்ப் பற்களுக்கு இடையிலான தளர்வு வேறு. சில நூறு கிராம் மிச்சம் பிடிக்க இவ்வளவையும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மோட்டர் ஒவ்வொன்றும் பல கிலோ வரும் பெரிய விமானத்தில் கணக்கு வேறு.

ஹார்மோனிக் டிரைவ்

அரைமனதோடு நான் தள்ளிவைக்கும் வகை இது. மெல்லிய எஃகுக் கிண்ணம் ஒன்றின் வெளிவிளிம்பில் நுண்ணிய பற்கள் இருக்கும். விரல்களால் அழுத்தினால் அந்தக் கிண்ணம் வளைவதை உணரலாம். நீள்வட்ட வடிவப் பெயாரிங் ஒன்று உள்ளிருந்து அதை வளைத்துக்கொண்டே சுற்றும். வெளிவளையத்தின் பற்கள் கிண்ணத்தைவிட இரண்டு கூட என்பதால், ஒரே அடுக்கில் நூறுக்கு ஒன்று கிடைக்கும். பற்கள் எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால் தளர்வு கிட்டத்தட்ட இல்லை. பிணைச்சல் அச்சிலேயே பூட்டிவிடலாம், கையும் தேவையில்லை, தண்டும் தேவையில்லை.

நூறுக்கு ஒன்று, வினைத்திறன் 70 வீதம் என்றால் மோட்டர் 0.64 நியூட்டன் மீற்றர் தர வேண்டும். எடை குண்டுத் திருகு மோட்டரைப் போல 1.7 மடங்கு. எலிவேட்டருக்குத் தெரியும் சடத்துவம் குண்டுத் திருகுக்குச் சமமாகவே வருகிறது. உயரத்தில் கிறீஸ் இறுகி வினைத்திறன் விழுந்துவிடும் என்பது இதன்மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குற்றம். நெடுந்தீவுக்கு மேலே சில நூறு மீற்றரில் பறக்கும் விமானத்துக்கு அது பொருந்தாது. நான் தயங்குவது வேறொன்றுக்காக. அந்த மெல்லிய கிண்ணம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வளைந்து நிமிர்கிறது. களைத்து வெடித்தால் எலிவேட்டர் மோட்டரோடு தொடர்பே இல்லாமல் தொங்கும். தொங்கும் பரப்பு காற்றில் படபடக்கத் தொடங்கினால் வால் கழன்றுவிடும். நிலத்தில் யாராவது எலிவேட்டரில் மோதினால்கூட பற்கள் ஒன்று தாண்டி விழலாம். இங்கே அதைத் திறந்து சரிபார்க்க ஆளும் இல்லை, உதிரிப் பாகமும் இல்லை. விலையும் கூட. இடம் நெருக்கடியாக இருந்து, கை வைக்கவே முடியாத வால் என்றால் மட்டும் இதை எடுப்பேன்.

சாதாரணத் திருகு

குண்டு எதுவும் இல்லாமல், சரிவகப் புரியில் வெண்கல நட் ஓடும் திருகு. மலிவு, எங்கள் கடைசல் பட்டறையிலேயே கடையலாம். 8 மில்லிமீற்றர் விட்டம், 2 மில்லிமீற்றர் நகர்வு என்றால் வினைத்திறன் 37 வீதமளவில் வரும். மோட்டர் 0.77 நியூட்டன் மீற்றர் தர வேண்டும். 47 வாட் வேலைக்கு 128 வாட் இழுக்கும். மிச்சம் 80 வாட் புரியில் சூடாகிறது. எலிவேட்டர் பறப்பு முழுவதும் ஓயாமல் அசையும் பரப்பு, ஆகவே இது அதற்கு ஆகாது.

ஆனால் இதற்கு ஒரு வரம் உண்டு: பின்னிருந்து தள்ளினால் சுற்றாது. மின்சாரம் நின்றாலும் இருந்த இடத்தில் நிற்கும். எப்போதாவது அசைந்து, நீண்ட நேரம் அசையாமல் நிற்க வேண்டிய ஃபிளாப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று இல்லை.

இதன் ஆபத்தைச் சொல்ல ஒரு பெயர் போதும். 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 எம்டி-83 விமானம் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கடலில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள். கிடைவாலைச் சரிசெய்யும் திருகின் நட்டில் புரிகள் தேய்ந்து வழித்துக்கொண்டு போயிருந்தன. காரணம் போதிய கிறீஸ் இடாமை. திருகைச் சுற்றியது மின்மோட்டர், அதில் பிழை இல்லை. மோட்டருக்கு அப்பால் இருக்கும் உலோகத்தைக் கவனிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி இல்லை. ஃபிளாப்புக்குத்தானே என்று விடாமல், நட்டின் தளர்வை அளக்க ஒரு வழியை முதல் வரைபடத்திலேயே வையுங்கள்.

உருளைத் திருகு என்று இன்னொரு வகை உண்டு. குண்டுகளுக்குப் பதில் புரி வெட்டிய உருளைகள் சுமையைத் தாங்கும். அதே பருமனில் பல மடங்கு சுமை ஏற்கும், அதிர்ச்சியையும் தாங்கும். பல்லாயிரம் நியூட்டன் கேட்கும் இடங்களுக்கு அது. எங்கள் 900 நியூட்டனுக்குக் காசு வீண்.

இறுகிப்போனால் என்ன செய்வோம்

எண்ணெய் இல்லாத இந்த மின் ஆக்சுவேட்டர்கள் ஏன் இன்னும் பெரிய விமானங்களின் எலிவேட்டரைப் பிடிக்கவில்லை? போயிங் 787 விமானத்தில் பிரேக் மின்சாரத்தால் இயங்குகிறது, ஸ்பொயிலரில் இரண்டு சோடியும் கிடைவாலும் மின்மோட்டரால் அசைகின்றன. 2012இல் முதலில் பறந்த ஐரோப்பாவின் வேகா ரொக்கெட்டின் நான்கு கட்டங்களிலும் உந்துகுழாயைத் திருப்பியது மின் ஆக்சுவேட்டர்தான். ஆனால் ஒரு குண்டு உடைந்து நட்டுக்குள் சிக்கினால் பரப்பு அப்படியே இறுகிவிடும். அதை விடுவிக்க ஹைட்ரோலிக்கில் இருந்தது போன்ற வால்வு இல்லை. பேரழிவில் முடியும் பிழை, பறக்கும் ஒரு மணித்தியாலத்துக்கு நூறு கோடியில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று கேட்கும் பயணிகள் விமானத்தில், இந்த ஒரு குணமே கதவை மூடிவிடுகிறது.

எங்கள் விமானத்தில் ஆட்கள் இல்லை. ஆனாலும் கீழே வீடுகளும் படகுகளும் உண்டு. ஆகவே என் தெரிவு எலிவேட்டரை இடம், வலம் என இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆக்சுவேட்டர் வைப்பது. எடை இரட்டிக்கும் என்று பயப்படுவார்கள். மேலே சொன்ன அடுக்குக் கணக்கைப் போடுங்கள். பாதி முறுக்குவிசை மோட்டரின் எடை முழுதின் 55 வீதம். இரண்டும் சேர்ந்தால் 110. மோட்டரில் கூடுவது பத்து வீதம் மட்டுமே. கைக்குத் தெரியும் பாரம் ஒவ்வொன்றிலும் 26 கிலோ, இரண்டும் சேர்ந்தாலும் பழைய 69ஐவிடக் குறைவு. கூடுதல் செலவு திருகிலும் உணரியிலும் மின்சுற்றிலும் வரும். அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒரு பக்கம் நடுவில் இறுகினால் மறுபக்கத்தால் வீடு வரலாம். முழுவதும் மேலே போய் இறுகினால், மறுபாதி அதைச் சமன் செய்வதிலேயே தீர்ந்துவிடும், விமானத்தைத் திருப்பி ஆள மிச்சம் இராது. அதனால் சாதாரணப் பறப்பில் மென்பொருள் 15 பாகைக்கு மேல் போகவிடக் கூடாது. மீதி 10 பாகையை இந்த நாளுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

சூடும் உப்பும்

இறுகாமல் இருப்பதற்கு வேண்டியது இங்கேதான் இருக்கிறது. பட்டியலில் போடும் ஆயுள் கணக்கு எங்களை அவ்வளவாக வருத்தாது. இயக்கச் சுமைத் தகுதி 2,000 நியூட்டன் உள்ள குண்டுத் திருகில் சராசரிச் சுமை 400 என்றால், விகிதத்தின் மூன்றாம் அடுக்கு 125, அதாவது 12.5 கோடிச் சுற்று. செக்கனுக்குச் சராசரி ஐந்து சுற்று என்று வைத்தாலும் 6,900 மணித்தியாலம். அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவதில்தான் பிழை. எலிவேட்டர் நேரத்தில் பெரும்பகுதி நடுவில் நின்று மிகச் சிறிதாக நடுங்கும். குண்டுகள் ஒரு முழுச் சுற்றும் உருளாமல் ஒரே இடத்தில் தேய்க்கும். கிறீஸ் வழிந்து விலகும், புதிது வந்து சேராது. புரியில் குழி விழும். ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் எலிவேட்டரை முழு ஓட்டத்துக்கு மேலும் கீழும் சில தடவை ஓட்டிவிடுவது இதற்குச் சிறந்த மருந்து. அந்த ஓட்டத்தில் மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தைப் பதிந்து வைத்தால், திருகு இறுகத் தொடங்குவது முன்கூட்டியே தெரியும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் குறிகட்டுவானில் ஒரு இரும்புத் துண்டை வெளியே வைத்துப் பாருங்கள், எவ்வளவு விரைவாகக் கறள் பிடிக்கிறதென்று. குண்டுத் திருகின் எஃகு கடினமானது, ஆனால் துருப்பிடிக்காத எஃகு அல்ல. தண்டுக்கு ரப்பர் உறை, நட்டுக்குத் துடைப்பு சீல், இரண்டும் வேண்டும். விமானச் சாதனங்களுக்கான டிஓ-160 சோதனைகளில் உப்புப் பனிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. நான் எழுதும் தேவைப் பட்டியலில் அது முதல் பக்கத்தில் இருக்கும்.

மோட்டரின் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் போகும். விமானம் சரியாகச் சமநிலைப்படுத்தப்பட்டு, 900 நியூட்டன் உச்சத்தில் தொடர்ந்து தாங்க வேண்டியது 300 நியூட்டன் என்றால், உச்சச் சூட்டின் 11 வீதம் மட்டுமே. 450 என்றால் 25. இவ்வளவுதானே என்றாலும், வெயிலில் நிறுத்திய மூடிய வாலுக்குள் மோட்டர் வேலை தொடங்கும்போதே சூடாக இருக்கும். சாதாரண தர நியோடிமியம் காந்தத்தின் எல்லை 80 பாகை செல்சியஸ். 150 பாகை தாங்கும் தரத்தைக் கேட்டு வாங்குங்கள். வாலுக்கு வெள்ளைப் பூச்சு.

ஆகவே இந்த விமானத்துக்கு: பிரித்த எலிவேட்டர், பக்கத்துக்கு ஒன்றாக 450 நியூட்டன் குண்டுத் திருகு ஆக்சுவேட்டர், மோட்டர் நேரே திருகில், இடையில் கியர் இல்லை. ஃபிளாப்புக்குச் சாதாரணத் திருகு. விமானம் 400, 500 கிலோவுக்கு வளர்ந்து ஒவ்வொரு பாதிக்கும் சில ஆயிரம் நியூட்டன் தேவைப்பட்டால், கியரை மறுபடி கணக்கில் எடுப்பேன், உருளைத் திருகின் விலையையும் அப்போதுதான் விசாரிப்பேன். அதுவரை முதலில் வாங்க வேண்டியது ஒரு திருகும் ஒரு மோட்டரும். அவற்றை மேசையில் பூட்டி, 450 நியூட்டன் ஸ்பிரிங்குக்கு எதிராக ஓட்டிச் சூட்டை அளந்த பிறகு மிச்சத்துக்குக் காசு செலவழிக்கலாம்.